இலையம்பும் ஈயக்குண்டும்
ஊவாவின் வேட்டைக் கருவிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு விலங்கை எதனாற் கொல்வது என்னும் வினா, வேட்டைக்காரனின் தொழில் நுணுக்கம் சார்ந்ததாகவே பொதுவிற் கருதப்படுகின்றது. மானுக்கு எத்துணை நிறையுள்ள குண்டு வேண்டும், நரிக்கு எத்துணைச் சிறிய சன்னம் போதும், யானைக்கு எவ்வளவு வெடிமருந்து இட வேண்டும் என்பன துவக்குப் பிடித்தவர்கள் தம்முள் வாதிடும் பொருள்கள். வரலாற்று மாணவனுக்கு அவற்றில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆயின் ஒவ்வொரு வேட்டைக் கருவியின் பின்னாலும் அதனைச் செய்பவன், வாங்குபவன், அதனை வைத்திருக்க இசைவு வழங்குபவன் என மூவர் நிற்கின்றனர். இம்மூவருக்கும் இடையிலான உறவு காலந்தோறும் மாறியுள்ளது. அவ்வுறவு மாறியபோதெல்லாம் விலங்கின் மீது பாய்ந்த முனையும் மாறியுள்ளது. ஆகவே குண்டின் வரலாறு ஒருவகையிற் சமுதாய வரலாறேயாகும்.

இவ்வுண்மையை ஆராய்வதற்கு ஊவாவைப் போன்று பொருத்தமான நிலப்பகுதி இலங்கையிற் பிறிதொன்று இல்லை எனலாம். மேற்கே பதுளை, அப்புத்தளை மலைகளில் தொடங்கி, கிழக்கிலும் தெற்கிலும் மொனராகலை, பிபிலை, புத்தளை, வெல்லவாய ஆகிய வறண்ட சமவெளிகளுக்கு இறங்கும் இப்பிரதேசத்தில் வேடுவரின் வில்லும், கண்டி அரசின் துவக்கும், ஆங்கிலத் துரைமாரின் றைபிளும், சேனைப் பயிர்ச்செய்கையாளனின் இடியன் துவக்கும் ஒன்றன்பின் ஒன்றாகவும் சில காலங்களில் ஒன்றோடொன்றாகவும் வழங்கியுள்ளன. மான் வயிற்றிற் பிறந்து வேடர் குடியில் வளர்ந்த வள்ளியையும், அவளை நாடி வேடனாக வந்த முருகனையும் போற்றும் கதிர்காமம் இன்றைய மொனராகலை மாவட்டத்திலேயே அமைந்துள்ளது. வேட்டை இம்மண்ணின் வழிபாட்டிலும் கலந்துள்ளமைக்கு இதுவே சான்றாகும்.

இலையில் வெட்டிய அளவு

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தமது நூலில் வேடுவரைப் பற்றி ஒரு செய்தியைக் குறிப்பிடுகின்றார். காட்டில் வாழும் வேடுவனுக்கு அம்புமுனை தேவைப்படும்போது, அவன் இரவில் வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டுச் செல்வான். தனக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவில் வெட்டிய இலையொன்றையும் உடன் வைத்துவிடுவான். கொல்லன் அவ்வடிவில் முனையைச் செய்து வைத்தால் மேலும் இறைச்சி அவனுக்குக் கிடைக்கும். செய்யாது விட்டால் வேடுவனின் பகை அவன்மீது விழும்.

இச்செய்தியைப் பழங்குடியினரின் விந்தைப் பழக்கங்களுள் ஒன்றாகக் கூறிச் செல்வதே வழக்கம். ஆயின் கருவியின் வரலாற்றில் வைத்து நோக்குமிடத்து இதன் பொருள் ஆழமானது. வேடுவன் கொல்லனிடம் வெறுமனே 'அம்பு தா' என்று கேட்கவில்லை. இன்ன நீளம், இன்ன அகலம் என்று அளவு குறித்துக் கேட்கின்றான். அகன்ற முனை அகன்ற காயத்தை உண்டாக்கிக் குருதியைப் பெருக்கும். ஒடுங்கிய முனை தோலையும் தசையையும் ஊடுருவி ஆழச் செல்லும். மரைக்கும் முயலுக்கும் ஒரே முனை உதவாது. எழுத்தறியாத அவ்வேடுவனின் இலை, பொறியியலாளன் வரையும் வரைபடத்துக்கு ஒப்பானது. வேட்டையாடுபவனே கருவியைத் தெரிவு செய்தான் என்பதும், அத்தெரிவுக்கு விலங்கைப் பற்றிய அறிவே அடிப்படையாயிற்று என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன.

வில்லுக்கு இன்னுமோர் இயல்பு உண்டு. அதன் எல்லை குறுகியது. வேடுவன் விலங்கை மிக அணுகிச் சென்றாலன்றி அம்பு பயன் தராது. காற்றின் திசையும் விலங்கின் தடமும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எய்த பின்னரும் குருதித் தடத்தைப் பின்பற்றி நெடுந்தூரம் செல்ல வேண்டும். இத்துணை உழைப்பு ஒரு மானுக்குத் தேவைப்பட்டமையால், கொலையின் அளவு வயிற்றுத் தேவையின் அளவை மிஞ்சிச் செல்வது அரிதாயிற்று.

கண்டி நாட்டின் வெடிமருந்து

துவக்கு என்னும் சொல்லே துருக்கிய, பாரசீக மொழிகளின் வழிவந்தது. சிங்களத்திலும் அது துவக்குவ என வழங்குகின்றது. பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயருடன் ஏற்பட்ட போர்களினூடாகத் துவக்கு இத்தீவிற் பரவியது. மிகக் குறுகிய காலத்துள் இந்நாட்டுக் கொல்லர் அதனைச் செய்யக் கற்றுக்கொண்டமை போர்த்துக்கேய எழுத்தாளரையே வியக்கவைத்தது. கண்டிக் காலத்துத் துவக்குகளில் வெடிக்கும் பொறி இடப்புறத்தே அமைந்திருத்தல் அவற்றின் தனி அடையாளமாகும். வெள்ளியும் தந்தமும் பதித்த அத்தகைய துவக்குகளை இன்றும் அரும்பொருட்சாலைகளிற் காணலாம்.

துவக்குக்குத் தீனியும் உள்நாட்டிலேயே விளைந்தது. கந்தகம், கரி, வெடியுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே வெடிமருந்து. இவற்றுள் வெடியுப்பைக் கண்டி நாட்டவர் மலைக்குகைகளிலிருந்து பெற்றனர். 1821இல் இலங்கையின் உள்நாடு பற்றிய நூலை வெளியிட்ட மருத்துவர் ஜோன் டேவி இத்தொழிலை நேரிற் கண்டு விவரித்துள்ளார். வெளவால்களின் எச்சம் படிந்த குகைகளின் பாறையைச் சுரண்டியெடுத்து, மரச்சாம்பலுடன் கலந்து, நீர் ஊற்றி வடித்து, வடிநீரைக் காய்ச்சி உப்பைப் பிரித்தெடுத்தனர். காடும் குகையும் கொல்லனின் உலையும் சேர்ந்து ஒரு முழுமையான உற்பத்தி முறையாக இயங்கியமை இதனாற் புலனாகின்றது.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் வீழ்ந்தது. இரண்டாண்டுகளுள், 1817இல், ஊவாவிலும் வெல்லசவிலும் கிளர்ச்சி மூண்டது. பதுளையில் இருந்த பிரித்தானிய அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் பிபிலைப் பகுதியில் அம்பினாற் கொல்லப்பட்டார். துவக்கும் பீரங்கியும் கொண்ட பேரரசின் பிரதிநிதியை அம்பு வீழ்த்தியமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டு, பின்னர் கிளர்ச்சியாளருடன் சேர்ந்து தலைமை தாங்கிய கெப்பெட்டிபொல திசாவை 1818 நவம்பரிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஊர்கள் எரிக்கப்பட்டன, கால்நடைகளும் விளைபொருள்களும் அழிக்கப்பட்டன. இலட்சம் வயல்கள் என்று பெயர்ப்பொருள் கூறப்படும் வெல்லச நெடுங்காலம் மீளவில்லை. அதனோடு ஊவாவின் குடிமகன் தன் கருவியைத் தானே தெரிவு செய்யும் நிலையும் தளரத் தொடங்கியது. இனி அவன் கையிலிருந்த துவக்கு ஆட்சியாளரின் கண்ணிற் கிளர்ச்சிக்கான கருவியாகவே தோன்றியது.

பிறிஸ்டலிலிருந்து வந்த றைபிள்

அடக்கப்பட்ட ஊவாவிற்கு வந்து சேர்ந்த அதிகாரிகளுக்கும் தோட்டத் துரைமாருக்கும் அது ஒரு வேட்டைக் களமாகத் தெரிந்தது. இவர்களுள் பெயர்பெற்றவர் மேஜர் தோமஸ் றொஜர்ஸ். பதுளையில் அரசாங்கப் பணிபுரிந்த இவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என எமர்சன் டெனன்ட் எழுதியுள்ளார். 1845 யூனில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இவர் இறந்தார். பதுளையிலுள்ள புனித மாற்கு தேவாலயம் இவரது நினைவாக எழுப்பப்பட்டதாகும். யானை வேட்டை அக்காலத்தில் தனிமனித விளையாட்டாக மட்டுமன்றி அரசின் கொள்கையாகவும் விளங்கிற்று. யானைக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் வெகுமதி வழங்கியது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுகளுக்குள் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதாக டெனன்ட் கணக்குத் தருகின்றார்.

கருவியின் வரலாற்றைப் பொறுத்தவரை றொஜர்ஸைவிட முக்கியமானவர் சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய இவர், ஊவாவின் கீழ்நிலங்களில், குறிப்பாக நில்கலையைச் சூழ்ந்த புல்வெளிக் காட்டில், நீண்ட வேட்டைப் பயணங்களை மேற்கொண்டார். இலங்கையின் றைபிளையும் வேட்டை நாயையும் பற்றி அவர் எழுதிய நூல் 1850களில் இலண்டனில் வெளிவந்து புகழ்பெற்றது. மரையைத் துவக்காற் சுடாமல், நாய்களை ஏவி மடக்கிக் கத்தியாற் குத்திக் கொல்வதை அவர் விரும்பினார். ஆயின் யானைக்கும் எருமைக்கும் அவர் நம்பியது றைபிளையே.

1840இல், இலங்கைக்கு வருவதற்கு முன்னரே, பேக்கர் பிறிஸ்டல் நகரின் கிப்ஸ் என்னும் துவக்குத் தொழிலாளரிடம் தமது எண்ணப்படி ஒரு றைபிளைச் செய்வித்தார். அதன் நிறை 21 இறாத்தல். குழாயின் நீளம் 36 அங்குலம். உருண்டைக் குண்டு 3 அவுன்சும், கூம்புக் குண்டு 4 அவுன்சும் நிறையுடையன. ஒரு வெடிக்கு இடப்பட்ட மருந்து 16 திராம், அதாவது ஓர் அவுன்சு. அக்காலத்து வழக்கத்துக்கு இது மிகையான மருந்து. குறைந்த மருந்து இட்ட றைபிளின் குண்டு மெதுவாகச் சென்று விலங்கைக் காயப்படுத்துமேயன்றி வீழ்த்தாது என்பது பேக்கரின் வாதம்.

இவ்விடத்தில் நொக்ஸ் கூறிய வேடுவனையும் பேக்கரையும் அருகருகே வைத்து நோக்குதல் தகும். ஒருவன் இலையை வெட்டி வைத்தான். மற்றவர் நீளமும் நிறையும் குறித்து ஓலை அனுப்பினார். இருவரும் செய்தது ஒன்றே. வேட்டையின் அனுபவத்திலிருந்து கருவியின் வடிவத்தைத் தாமே வரையறுத்துத் தொழிலாளனிடம் ஒப்படைத்தனர். அறிவின் தரத்தில் இருவருக்குமிடையே பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு பொருளாதாரத்தில் இருந்தது. வேடுவன் தந்த விலை ஓர் இறைச்சித் துண்டு. பேக்கரின் றைபிளுக்குப் பின்னால் ஒரு பேரரசின் செல்வமும், அதனைக் காட்டுக்குள் எடுத்துச் செல்லக் கூலிகளின் தோள்களும் இருந்தன. கூடாரத்தையும் உணவையும் வெடிமருந்தையும் சுமந்து ஊவாவின் மலைப்பாதைகளில் ஏறி இறங்கிய அக்கூலிகளின் பெயர்கள் எந்த வேட்டை நூலிலும் விருதுகளாகத் தொங்கவில்லை.

மானுக்கொரு குண்டு, நரிக்கொரு சன்னம்

குண்டின் பொருத்தப்பாடு பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த வாதங்களைச் சிறிது விளக்கமாக நோக்குவது பயனுடையது. ஓர் ஆண் மரை 200 கிலோகிராமை அண்மக்கூடியது. புள்ளிமான் ஏறக்குறைய 50 முதல் 80 கிலோகிராம் நிறையுடையது. நரியோ 10 கிலோகிராமைத் தாண்டுவது அரிது. தோலின் தடிப்பும் எலும்பின் வலிமையும் நிறைக்கேற்ப வேறுபடுகின்றன. யானையின் மண்டையோட்டைத் துளைக்க வேண்டிய குண்டு உருமாறாது ஆழச் செல்ல வேண்டும். ஆகவே ஈயத்துடன் வேறு உலோகம் கலந்து அது கடினமாக்கப்பட்டது. மானின் உடலிலோ அத்தகைய கடினமான குண்டு ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறிவிடும். மான் ஓடி மறைந்து, காட்டின் ஆழத்தில் மணிக்கணக்கில் வதைபட்டுச் சாகும். எனவே மென்தோல் விலங்குகளுக்குத் தூய ஈயத்தாலான, உட்புழையற்ற குண்டே ஏற்றதென்று பேக்கர் 1890இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். அக்குண்டு உடலுள் நுழைந்ததும் காளான் போல விரிந்து, தன் விசை முழுவதையும் உள்ளேயே செலவிட்டு, மறுபுறத் தோலின் கீழே தங்கிவிடும். அக்காலத்திற் பரவியிருந்த உட்புழையுள்ள குண்டுகள் மேற்பரப்பிலேயே சிதறிப் பெருங்காயத்தை உண்டாக்குமேயன்றி உயிர்நிலையை எட்டா என்பதும் அவர் கருத்தாகும்.

1884இல் பிரான்சிற் புகையற்ற வெடிமருந்து கண்டுபிடிக்கப்பட்டபின் குண்டுகள் சிறுத்து வேகம் மிகுந்தன. வெற்று ஈயம் அவ்வேகத்தைத் தாங்காமையால் அதற்குச் செம்பு முதலிய உலோகத்தாற் கவசம் இட்டனர். முழுக் கவசமிட்ட குண்டு போருக்கு. முனையில் ஈயம் வெளித்தெரியும் குண்டு வேட்டைக்கு என்று ஒரு பிரிவு தோன்றியது. கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில் அத்தகைய விரியுங் குண்டுகள் போருக்கெனவும் செய்யப்பட்டன. 1899இல் ஹேக் மாநாட்டுப் பிரகடனம் அவற்றைப் போரில் தடைசெய்தது. மனிதனுக்கு எதிராகக் கொடுமை எனத் தடுக்கப்பட்ட அதே குண்டு, விலங்கை விரைவிற் கொல்வதால் வேட்டையில் இரக்கமுடையதாகக் கருதப்படுகின்றது. கருவியின் அறம் கருவியில் இல்லை, அது பயன்படும் உறவிலேயே உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

றைபிள் வாங்க இயலாதவனின் கருவி சன்னத்துவக்கு. இதன் குழாயளவு ஓர் இறாத்தல் ஈயத்தில் எத்தனை உருண்டைகள் வார்க்கலாம் என்பதைக் கொண்டு குறிக்கப்படுகின்றது. பன்னிரண்டு உருண்டைகள் ஆயின் அது 12 போர்த் துவக்கு. இத்துவக்கின் சிறப்பு, தோட்டாவை மாற்றுவதன் மூலம் பல விலங்குகளுக்கு அதனைப் பயன்படுத்தலாம் என்பதே. பிரித்தானிய அளவுமுறைப்படி எஸ்.ஜி. எனப்படும் பெருஞ்சன்னம் அவுன்சுக்கு 8. இது மானுக்கும் பன்றிக்கும் உரியது. பி.பி. எனப்படுவது அவுன்சுக்கு 70. நரி போன்ற சிறுவிலங்குக்குப் போதியது. நான்காம் இலக்கச் சன்னம் அவுன்சுக்கு 170, பறவைக்கு உரியது. நரிக்குரிய சன்னத்தை மான்மீது செலுத்தினால் அது தோலின்கீழ்த் தங்கிச் சீழ்ப்பிடித்து விலங்கை நாட்கணக்கில் வருத்தும். பெருஞ்சன்னமும் 40 யாருக்கு அப்பாற் பரந்து சிதறிவிடுவதால் தொலைவிலுள்ள மானைக் காயப்படுத்தி விடுமேயன்றிக் கொல்லாது.

நரியை இறைச்சிக்காக எவரும் வேட்டையாடுவதில்லை. கோழிகளைக் காக்கவும், விசர்நோய்க்கு அஞ்சியும் அது கொல்லப்பட்டது. நரிக்கொம்பு பற்றிய நம்பிக்கையும் அதற்கு வினையாயிற்று. நரியின் தலையில் அரிதாக முளைப்பதாகக் கருதப்படும் அச்சிறு கொம்பை வைத்திருப்பவன் வழக்குகளில் வெல்வான் என்ற நம்பிக்கை தமிழரிடையேயும் சிங்களவரிடையேயும் நிலவியதை டெனன்ட் குறித்துள்ளார். வட அமெரிக்காவில் நரியின் இனமான கயோட்டியைக் கொல்ல, 0.22 அங்குல விட்டமுள்ள நிறை குறைந்த விரைவுக் குண்டைத் தெரிவு செய்வர். மானுக்கு அதனினும் பெரிய, விரியும் முனையுள்ள குண்டை எடுப்பர். மானைச் சுடும் குண்டின் ஆகக்குறைந்த அளவை அங்குப் பல மாநிலங்கள் சட்டமாகவே விதித்துள்ளன. விலங்கு வதைபடாது இறக்க வேண்டும் என்பதே அவ்விதியின் அடிப்படை.

சட்டமும் அனுமதிப்பத்திரமும்

இலங்கையிற் காப்புச் சட்டங்கள் எழுந்த வரலாறு வேறுவகையானது. துரைமாரின் வேட்டையால் விலங்குகள் அருகத் தொடங்கியபோது, அவற்றைக் காக்கும் எண்ணமும் துரைமாரிடமே முதலில் தோன்றியது. 1891ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் யானை, எருமை முதலிய விலங்குகளை வரைவின்றிக் கொல்வதைத் தடுக்க முயன்றது. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. தோட்டத் துரைமாரும் அரச அதிகாரிகளுமே அதன் முன்னோடிகள். 1900இல் யால ஒரு காப்பகமாயிற்று. அங்கு முதற் காவலராக அமர்த்தப்பட்டவர், தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட போயர் இனத்தவரான ஏங்கல்பிறெக்ட். 1900இல் ஊவாவின் தியத்தலாவையில் ஏறக்குறைய 5,000 போயர் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். மௌசர் றைபிளின் துணைகொண்டு பிரித்தானியப் படையைத் திணறடித்த மக்களில் ஒருவர், பிரித்தானியரின் வேட்டை விலங்குகளுக்குக் காவலரானார்.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டம் துவக்கு வைத்திருப்போர் அனைவரையும் அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் 1938இல் நடைமுறைக்கு வந்தது. யால அவ்வாண்டிலேயே தேசிய வனமாயிற்று. 1954இல் கல்லோயாவும் 1972இல் உடவளவையும் அவ்வரிசையிற் சேர்ந்தன. இவையின்றேல் ஊவாவில் இன்று யானையும் மானும் எஞ்சியிரா என்பதை மறுத்தல் இயலாது.

எனினும் இச்சட்டங்கள் முதன்மையாகக் கேட்ட கேள்வி எது என்பது சிந்தித்தற்குரியது. 'இவ்விலங்கு எவ்வாறு இறக்கும்?' என்பதனிலும் 'இத்துவக்கு யாரிடம் இருக்கலாம்?' என்பதே அவற்றில் மேலோங்கி நின்றது. கட்டணம் செலுத்தி அனுமதி பெற்ற துரை, விடுமுறைக்கு வந்து மானைச் சுட்டால் அது வேட்டை விளையாட்டு. தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் வாழ்ந்தவன் அனுமதியின்றிச் சுட்டால் அது குற்றம். சேனைக் காவலுக்கெனத் துவக்குப் பெறும் வழி கிராமவாசிக்கு இருந்தது. ஆயின் அது நிலமுடையோனுக்குரிய வழி. கோப்பியும் பின்னர்த் தேயிலையும் றப்பரும் வளர்க்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டு, லயன் அறைகளிற் குடியேற்றப்பட்ட தோட்டத் தொழிலாளி நிலமற்றவன். 1948ஆம் ஆண்டின் சட்டத்தாற் குடியுரிமையும் அற்றவனானான். லயத்தின் பின்புறத்து மரக்கறிப் பாத்தியைப் பன்றியும் முள்ளம்பன்றியும் கிளறியபோது, அவனுக்கு எஞ்சியது கம்பிக் கண்ணி ஒன்றே.

தெரிவற்ற துவக்கு

தக்க கருவியைத் தெரிவு செய்யும் வாய்ப்பை இழந்தவன் கருவியைக் கைவிட்டானா? இல்லை. தெரிவற்ற கருவியை ஆக்கிக் கொண்டான். அதுவே இடியன் துவக்கு. நீர்க்குழாயை ஒத்த இரும்புக் குழாய், கையாற் செதுக்கிய மரப்பிடி, வாய்வழியே இட்டுக் கோலால் இடிக்கும் மருந்து. குண்டுக்குப் பதிலாக ஆணித் துண்டும் இரும்புச் சிதறலும் துவிச்சக்கர வண்டியின் குண்டுமணியும். இன்ன விலங்குக்கு இன்ன குண்டு என்னும் பேச்சுக்கே இதில் இடமில்லை. கிடைத்தது எதுவோ அதுவே குண்டு.

அதனினும் கொடியது கட்டுத்துவக்கு. துவக்கை மரத்தோடு பிணைத்து, விலங்கின் தடத்துக்குக் குறுக்கே கயிறோ கம்பியோ கட்டி, அதனை விசையோடு இணைத்துவிட்டு வேட்டைக்காரன் வீடு திரும்பிவிடுகின்றான். பன்றியின் உயரத்துக்கு வைக்கப்பட்ட அத்துவக்கு, விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குச் செல்லும் மனிதனின் காலைத் தாக்குகின்றது. கட்டுத்துவக்கால் ஏற்படும் காயங்கள் பெரும்பாலும் முழங்காலையும் அதனை அண்டிய பகுதிகளையுமே சிதைக்கின்றன என்பதை இந்நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். காலிழந்தவன் மீண்டும் சேனைக்கோ மலைக்கோ செல்ல முடிவதில்லை. ஒரு குடும்பமே வருவாயை இழக்கின்றது. வேடுவனின் அம்பும் பேக்கரின் குண்டும் கொல்பவன் கண்ணாற் கண்ட பின்னரே புறப்பட்டன. கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. மானையும் மனிதனையும் அது வேறுபடுத்தி அறியாது.

இக்கண்ணற்ற கருவிகளின் வரிசை மேலும் நீண்டுள்ளது. பன்றிக்கென உணவுப் பொருளினுள் மறைத்து வைக்கப்படும் ஹக்கபட்டாஸ் என்னும் வெடி, அதனைக் கடிக்கும் யானைக்கன்றின் வாயைச் சிதைக்கின்றது. உண்ணவோ நீர் பருகவோ இயலாது அது பல நாள்கள் பட்டினி கிடந்து இறக்கின்றது. அண்மைக்கால யானை இறப்புகளுக்கு இவ்வெடி முக்கிய காரணங்களுள் ஒன்றாகியுள்ளது. தோட்டப்புறக் கம்பிக் கண்ணி பன்றிக்கென வைக்கப்பட்டுச் சிறுத்தையைப் பற்றுகின்றது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றிற் கண்ணியிற் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டும் பிழைக்கவில்லை.

கிராமத்துத் துவக்கின் மீது அரசு கொண்டிருந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்றும் கூறமுடியாது. 1971 ஏப்ரில் 5ஆம் நாள் அதிகாலையில் வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டமையே அவ்வாண்டுக் கிளர்ச்சியின் தொடக்கமாயிற்று. அக்கிளர்ச்சியில் இளைஞர் கையிலிருந்தவை பெரும்பாலும் கிராம வீடுகளிலிருந்து திரட்டப்பட்ட சன்னத்துவக்குகளும் கையாற் செய்த குண்டுகளுமேயாம். பன்றிக்கென வாங்கிய துவக்கு மனிதனை நோக்கித் திரும்பியது. 1817இல் அம்பு தொடங்கி வைத்த அச்சத்தை 1971இல் அதே மண்ணில் சன்னத்துவக்கு புதுப்பித்தது எனலாம். இதன் விளைவாகத் துவக்கு அனுமதி பாதுகாப்புப் பிரச்சினையாகவே பார்க்கப்படலாயிற்று. பயிரழிவு என்னும் உழவனின் பிரச்சினை பின்தள்ளப்பட்டது. 1980களில் பெல்வத்தையிலும் செவனகலையிலும் கரும்புச் செய்கை விரிந்தபோது, காட்டுக்கும் வயலுக்கும் இடையிலான எல்லை மேலும் நெருங்கி, அப்பிரச்சினை கூர்மையடைந்தது.

முடிவுரை

இன்று இலங்கையில் மான், மரை வேட்டை சட்டத்தாற் தடுக்கப்பட்டுள்ளது. அத்தடை வேண்டத்தக்கதே. மானுக்கு ஏற்ற குண்டு எது என்ற வினாவை ஊவாவில் மீண்டும் திறந்துவைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆயின் அவ்வினாவுள் பொதிந்திருந்த அறம் மறக்கத்தக்கதன்று. கொல்பவன் தான் கொல்வதைக் காண வேண்டும், அதன் உடலை அறிந்திருக்க வேண்டும், தேவையற்ற வதையைத் தவிர்க்க வேண்டும் என்பதே அவ்வறம். இலையை வெட்டிய வேடுவனிடம் அது இருந்தது. விலங்கைக் காயப்படுத்தி விடுவது இழிவு என்று எழுதிய பேக்கரிடமும் கருத்தளவில் அது இருந்தது. எனினும் எண்ணிக்கையைப் புகழாகக் கொண்ட அவரது வர்க்கம் அதனைத் தன் நடைமுறையிற் பொய்யாக்கியது.

கட்டுத்துவக்கையும் ஹக்கபட்டாஸையும் வறியவனின் கொடுமை என்று மட்டும் பழித்தல் வரலாற்றை அரைகுறையாகப் படித்தலாகும். அவை இருநூறு ஆண்டுகளாக ஒருவனிடமிருந்து காடும், தக்க கருவியும், பயிருக்கான காப்பும் படிப்படியாகப் பறிக்கப்பட்டதன் எச்சங்கள். ஆதலால் அவற்றைக் களைவதற்குப் பொலிஸ் தேடுதல் மட்டும் போதாது. பயிரழிவுக்கு உரிய காலத்தில் இழப்பீடும், ஊரைச் சுற்றிய முறையான மின்வேலியும், தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலமும் இருக்குமாயின், கண்ணற்ற துவக்கை மரத்திற் கட்டிவைக்க வேண்டிய தேவை குறையும். அதுவரை மொனராகலைக் காட்டுப் பாதையிற் குறுக்கே கட்டிய கம்பி, மானின் வரவையோ மனிதனின் வரவையோ எதிர்பார்த்து இறுகியே கிடக்கும்.